ஃபேப் லேப்ல மெஷின் மக்கர் பண்ணுதா? மொதல்ல ஈரத்தைப் பாருங்க

ஐப்பசி பொறந்தா போதும், எங்க லேப் வாசல்ல பசங்க வரிசையா வந்து நிப்பாங்க, "அண்ணா பிரிண்டர் போச்சு", "அண்ணா லேசர் டியூப் போச்சு"ன்னு. கும்பகோணம் பக்கம் ஒரு காலேஜ்ல ஃபேப் லேப், அதாவது பசங்க கம்ப்யூட்டர்ல வரைஞ்சதை மெஷின்ல பொருளாச் செஞ்சு பாக்குற கூடம், பாத்துக்கிறேன், ரெண்டு 3டி பிரிண்டர், கண்ணாடி டியூப்லேந்து வர்ற ஒளியால அறுக்கிற ஒரு சிஓ2 லேசர் கட்டர், சுத்துற பிட்டால கடையுற ஒரு சின்ன சிஎன்சி ரௌட்டர், அவ்வளவுதான் எங்க சொத்து. இத்தனை வருஷத்துல பாத்ததை வச்சு சொல்றேன், "போச்சு"ன்னு வர்றதுல முக்கால்வாசி போகவே இல்ல. ஒண்ணு காத்துல இருக்கிற ஈரம், இல்லன்னா கரண்ட், இல்லன்னா டிராயிங்ல அளவு. டெல்டால லேப் நடத்துறோம்னா ஈரத்தைத்தான் மொதல்ல சந்தேகப்படணும், ஏன்னா இந்த மெஷினோட மேனுவல் எல்லாம் காஞ்ச ஊர்ல உக்காந்து எழுதுனது, வாய்க்கால் கரையில காலேஜ் இருக்கிறவங்களுக்காக எழுதுனது இல்ல.

நம்ம வீட்ல இது புது விஷயமும் இல்ல. கொள்முதல் நிலையத்துல வழக்கமா 17 சதவீதம்தான் ஈரப்பத வரம்பு, அதுக்கு மேல போனா நெல்லை எடுக்க மாட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், எங்கப்பா நாலு நெல்லை பல்லுல வச்சு கடிச்சே காஞ்சிருக்கா இல்லையான்னு சொல்லிருவாரு. அதே கவனம் 3டி பிரிண்டர் உருக்குற பிளாஸ்டிக் இழையான ஃபிலமென்ட் ரோலுக்கும் பிளைவுட்டுக்கும் வேணும்.

கீழ அறிகுறி வாரியா எழுதியிருக்கேன். ஒரே ஒரு வேண்டுகோள், ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. டெம்பரேச்சரையும் ஸ்பீடையும் பெல்ட்டையும் ஒரே நேரத்துல திருகிட்டு சரியாயிருச்சுன்னா, எதனால சரியாச்சுன்னு அடுத்த தடவை யாருக்கும் தெரியாது. பக்கத்துல ஒரு நோட்டு வச்சு தேதி, என்ன ஆச்சு, என்ன மாத்துனோம்னு ரெண்டு வரி எழுதி வைங்க.

பிரிண்ட் நூல் நூலா இழுக்குது, பட்பட்னு சத்தம் வருது

நாசில், அதாவது பிளாஸ்டிக் உருகி வெளிய வர்ற முனை, ஓடுறப்ப ஒரு அடி தள்ளி நின்னு காதைக் கொடுத்துக் கேளுங்க. தாளிக்கிறப்ப கடுகு பொரியுற மாதிரி சின்னச் சின்னதா வெடிக்குதா? அது ஃபிலமென்ட் குடிச்ச தண்ணி. பிஎல்ஏங்கிற பிளாஸ்டிக்னா 200 டிகிரி சுத்துல உருகுது, உள்ள இருக்கிற ஈரம் அந்தச் சூட்டுல ஆவியாகி பிச்சுக்கிட்டு வெளிய வருது, அதான் சத்தம், அதான் பிரிண்ட் மேல அம்மைத் தழும்பு மாதிரி சின்னக் குழி, அதான் ஒரு தூண்லேந்து இன்னொரு தூணுக்கு சிலந்தி வலை மாதிரி நூல். இன்னொரு சோதனையும் இருக்கு, ரோல்லேந்து ஒரு சாண் ஃபிலமென்டை வெட்டி வளைச்சுப் பாருங்க, நல்ல பிஎல்ஏ நல்லா வளைஞ்சுதான் உடையும், ஈரம் ஏறினது காஞ்ச சுள்ளி மாதிரி டக்குனு முறியும். ஈரம் குடிச்சது சுள்ளி மாதிரி முறியுதேன்னு ஆச்சரியமா இருக்கும், ஆனா தண்ணி அந்த பிளாஸ்டிக்கோட சங்கிலியையே உடைக்குது, அதனாலதான்.

பண்ண வேண்டியது, பிஎல்ஏவை 45லேந்து 50 டிகிரில நாலஞ்சு மணி நேரம் காய வைங்க, பிஇடிஜி பிளாஸ்டிக்னா 65 டிகிரி வரைக்கும் போகலாம். ஃபிலமென்ட் டிரையர் இருந்தா நல்லது, இல்லன்னா பிரிண்டரோட பெட்டையே (பிரிண்ட் உக்காருற சூடான தட்டு) 50ல வச்சு ரோலை அது மேல படுக்கப் போட்டு அட்டைப் பெட்டியைக் கவுத்து மூடி, மேல ரெண்டு ஓட்டை போட்டு விடுங்க, பாதியில ஒரு தடவை புரட்டிப் போடுங்க. வடகம் காய வைக்கிற மாதிரி மொட்டை மாடில வெயில்ல வைக்காதீங்க, ஒரு செட் பசங்க அப்படி வச்சு கருப்பு ரோல் முழுக்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி முட்டை வடிவத்துக்கு வந்திருச்சு, பிஎல்ஏ 60 டிகிரிக்குப் பக்கத்துலயே இளகிரும். காஞ்சுதா இல்லையான்னு சந்தேகமா இருந்தா கிராம் தராசுல முன்னாடியும் பின்னாடியும் எடை போடுங்க, குறையுற வரைக்கும் காயுதுன்னு அர்த்தம்.

காய வச்சதை மறுபடி தொறந்து போட்டா ரெண்டே நாள்ல பழைய கதைதான், அதனால ரப்பர் பீடிங் வச்ச அரிசி டப்பா வாங்கி உள்ள சிலிகா ஜெல் போட்டு மூடுங்க. நீலமா இருந்து ரோஸ் கலர் ஆயிட்டா ஜெல் நிரம்பிருச்சு, ஆரஞ்சு வகைன்னா பச்சையாகும். 110, 120 டிகிரில ரெண்டு மணி நேரம் சூடு பண்ணா திரும்ப உயிர் வந்துரும், ஆனா நீல ஜெல்ல கோபால்ட் இருக்கு, சமையல் பாத்திரத்துல மட்டும் வறுக்காதீங்க.

பட்பட் சத்தமே இல்லாம வெறும் நூல் மட்டும் இழுத்தா அது ஈரம் இல்ல, டெம்பரேச்சரை அஞ்சஞ்சு டிகிரியா இறக்குங்க, நாசில் நகருறப்ப ஃபிலமென்டைப் பின்னுக்கு இழுக்குற ரிட்ராக்ஷன் செட்டிங்கைப் பாருங்க.

மொத லேயர் பெட்ல ஒட்டவே மாட்டேங்குது, இல்லன்னா ஓரம் தூக்கிக்குது

பெட்டை விரலால தொட்டுப் பாக்குற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு, காலையில தலைக்கு எண்ணெய் தடவின கை அது. பாத்திரம் கழுவுற சோப்புல கழுவி, காஞ்சதும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க. அப்புறம் லெவல், ஏ4 பேப்பரை நாசிலுக்கும் பெட்டுக்கும் நடுவுல விட்டு இழுத்தா லேசா உரசணும், நாலு மூலையிலயும் நடுவுலயும் ஒரே மாதிரி உரசணும், அதை பெட் சூடா இருக்கிறப்பவே பண்ணணும்.

ஓரம் மட்டும் தூக்குதுன்னா மேல அண்ணாந்து பாருங்க, சீலிங் ஃபேன் நேரா பிரிண்டர் தலைக்கு மேல சுத்துதா? மெஷினை நகத்துங்க. ஏபிஎஸ் பிளாஸ்டிக்னா மூடி போட்ட பிரிண்டர் இல்லாம முயற்சியே பண்ணாதீங்க.

ரெண்டு மணி நேரம் நல்லா ஓடுச்சு, அப்புறம் காத்துல வரையுது, ஃபிலமென்டைத் தள்ளுற எக்ஸ்ட்ரூடர் டிக் டிக்னு அடிக்குது

இது சித்திரை, வைகாசி வியாதி. நாசிலுக்கு மேல இருக்கிற பகுதி குளிர்ச்சியா இருக்கணும், அதுக்குத்தான் அந்தச் சின்ன ஃபேன். வெளிய 39 டிகிரி கொளுத்துறப்ப பிஎல்ஏவுக்கும் கதவை மூடி வச்சு ஓட்டுனா சூடு மேல ஏறி, ஃபிலமென்ட் தொண்டையிலயே இளகி உப்பி அடைச்சுக்கும். பிஎல்ஏவுக்கு கதவைத் தொறந்து வைங்க, மேல் மூடி இருந்தா எடுத்துருங்க. அந்த ஃபேனைக் கழட்டிப் பாருங்க, எங்க லேப்புக்குப் பின்னாடி வயல், அறுவடை நடக்குறப்ப வர்ற வைக்கோல் தூசு அந்த ஃபேன்ல மெத்தை மாதிரி படிஞ்சு கெடந்துச்சு ஒரு தடவை, பெயிண்ட் பிரஷ்ல தட்டி எடுத்ததும் சரியாயிருச்சு.

அடைச்சதை எடுக்க நாசிலை 200க்கு ஏத்தி கையால கொஞ்சம் தள்ளி விட்டு, 90க்கு ஆற விட்டு, ஒரே இழுப்பா மேல இழுங்க. நுனில கருகின துணுக்கு ஒட்டிக்கிட்டு வரும். நுனி சுத்தமா வர்ற வரைக்கும் ரெண்டு மூணு தடவை பண்ணுங்க.

பாதிக்கு மேல பிரிண்ட் ஒரு பக்கமா நகந்திருச்சு

பெல்ட் தொளதொளன்னு இருக்கும், இல்லன்னா மோட்டார்ல பெல்ட் ஓடுற புல்லி சக்கரத்துல இருக்கிற சின்ன கிரப் ஸ்க்ரூ லூஸா இருக்கும். ஆலன் கீ போட்டு இறுக்குங்க, ஸ்க்ரூ ஷாஃப்டோட தட்டைப் பகுதில உக்காரணும். பத்துல எட்டு இதுதான்.

நேத்து அறுத்த அதே பிளைவுட்டை இன்னைக்கு லேசர் அறுக்கல

இதைத்தான் நிதானமா சொல்லணும், ஏன்னா இதுல அவசரப்பட்டு எத்தனையோ காலேஜ்ல நல்ல டியூபைக் கழட்டி ஓரமா வச்சிருக்காங்க.

மொதல்ல கட்டையைப் பாருங்க. சுவத்துல சாய்ச்சு வச்ச பிளைவுட் மழைக்காலத்துல ஈரம் குடிச்சு வில்லா வளையும், நடுவுல ஃபோகஸ் சரியா இருக்கும், ஓரத்துல ரெண்டு மூணு மில்லி மேல போயிரும், அறுக்காது. படுக்கப் போட்டு மேல பாரம் வச்சு அடுக்குங்க. பழைய துண்டு ஒண்ணு காஞ்சதா எடுத்து வைங்க, சந்தேகம் வந்தா மொதல்ல அதை அறுத்துப் பாருங்க, அது அறுந்தா மெஷின் மேல தப்பே இல்ல. அடுத்து லென்ஸ், பஞ்சுல ஐசோப்ரோபைல் தொட்டு அழுத்தாம துடைங்க, மூணு கண்ணாடியையும் அப்படியே. அறுக்கிற இடத்துல ஊதுற ஏர் அசிஸ்ட் காத்து வருதான்னு கையை வச்சுப் பாருங்க, பம்ப் ஓடிக்கிட்டு ட்யூப் கழண்டிருக்கும்.

இதெல்லாம் சரின்னா, இப்ப டெல்டாவோட சொந்த வியாதிக்கு வர்றேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கார்த்திகை மாசம், மழை விட்டு விட்டு பெய்யுது, ஏசி ரிப்பேர், ஃபைனல் இயர் பாப்பா ஒண்ணு வந்து "அண்ணா, பவர் 80 வச்சாலும் வெறும் கோடுதான் விழுது"ன்னு சொல்லுச்சு. பவரை ஆஃப் பண்ணி பிளக்கைப் புடுங்கிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து பின் மூடியோட கண்ணாடி வழியா டார்ச் அடிச்சுப் பாத்தோம். டியூபோட மேல் பக்கம் முழுக்க முத்து முத்தா தண்ணி. ஐஸ் தண்ணி ஊத்தின சொம்பு வேர்க்குமே, அதே வேர்வை. பீம் வெளிய வர்ற முனைலயும் மெல்லிசா ஒரு மூட்டம். டியூபுக்குக் குளிர்ந்த தண்ணி அனுப்புற சில்லர் பெட்டியைப் பாத்தா 18 டிகிரில வச்சிருக்கு, யாரோ "குளிர்ச்சியா இருந்தா டியூப் நல்லா உழைக்கும்"னு இறக்கிட்டாங்க.

கணக்கு இதுதான். ரூம் 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னா 28 டிகிரிக்குக் கீழ எந்தப் பொருள் இருந்தாலும் அது மேல தண்ணி கோக்கும். அப்ப 18ல ஓடுற டியூப் வேர்க்காம என்ன செய்யும்? வேர்த்தா பீம் பலவீனமாகுறது ஒரு பக்கம், அந்த டியூபுக்குப் போறது இருபதாயிரம் வோல்ட் அளவுல, ஈரத்து வழியா அது வேற எங்கயாவது பாஞ்சா பவர் சப்ளையும் போகும், ஆளுக்கும் ஆபத்து. அதனால பின் மூடியைத் தொறந்து துடைக்கிற வேலையை மாணவர்கள் பண்ணவே கூடாது.

சில்லரை ஏத்திட்டா சரியாயிருமான்னா, 28க்கு மேல ஓட்டவும் முடியாது, டியூப் சூடாகி ஆயுசு போயிரும். அதனால தண்ணியை விட்டுட்டு ரூமைச் சரி பண்ணணும். ஏசியை ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டு 26 டிகிரி, 60 சதவீதத்துக்குக் கொண்டு வந்தா தண்ணி கோக்குற எல்லை 18 பக்கம் இறங்கிரும், அப்ப சில்லரை 22, 23ல வச்சு நிம்மதியா ஓட்டலாம். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் கிடைக்குது, லேசர் மூடி மேலயே ஒட்டி வைங்க. ஏசி வேலை செய்யாத மழை நாள்ல லேசரைப் போடாதீங்க, ரிவ்யூ தேதி ரெண்டு நாள் தள்ளிப் போனா பரவாயில்ல, நாங்க அன்னைக்கு டிபார்ட்மென்ட்ல நேரா சொல்லி தள்ளி வாங்கினோம். மறுநாள் ஏசியைச் சரி பண்ணி ரூமை உலர விட்டுப் போட்டதும் அதே டியூப், அதே 3 மில்லி பிளைவுட், பவர் 60லயே அறுந்துச்சு.

லேசர்ல இன்னொண்ணு, மஞ்சப் புகையோ மூக்கைக் குத்துற வாடையோ வந்தா உடனே நிறுத்திட்டு வெளிய போங்க. கல்யாண ஃப்ளெக்ஸ் பேனர் துண்டு, ரெக்சின், இதையெல்லாம் பசங்க ஆசையா எடுத்துட்டு வர்றாங்க, பெரும்பாலும் பிவிசி, லேசர் பட்டா குளோரின் சேந்த அமிலப் புகை வரும், நுரையீரலுக்கும் கேடு, மெஷின் தண்டவாளமும் துரு ஏறும். என்ன பிளாஸ்டிக்னு தெரியலன்னா திறந்த வெளில ஒரு செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அதுல தொட்டு மறுபடி தீயில காட்டுங்க, பச்சையா எரிஞ்சா பெரும்பாலும் குளோரின் இருக்கு, லேசர் பக்கமே கொண்டு போகாதீங்க. ஓடுற லேசரை விட்டுட்டு டீ குடிக்கவும் போகக்கூடாது, ஒரு நிமிஷம் போதும் தீப்பிடிக்க.

அளவு தப்பா வருது

வெர்னியர் எடுத்து அளந்து, வந்த அளவை வரைஞ்ச அளவால வகுங்க. அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிரும்.

25.4 மடங்கு பெருசாவோ சிறுசாவோ இருந்தா இஞ்ச், மில்லிமீட்டர் குழப்பம், 3டி பிரிண்டுக்குக் கொடுக்குற எஸ்டிஎல் ஃபைல்ல அலகுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. 1.067 இல்லன்னா 0.94 வந்தா பழைய இங்க்ஸ்கேப்ங்கிற வரையுற சாஃப்ட்வேர், அது 0.92க்கு முன்னாடி ஒரு இஞ்சுக்கு 90 புள்ளின்னு கணக்கு வச்சுச்சு, அதுக்கப்புறம் 96. 1.33 இல்லன்னா 0.75 வந்தா ஒரு சாஃப்ட்வேர் இஞ்சுக்கு 72 புள்ளின்னும் இன்னொண்ணு 96ன்னும் கணக்கு வைக்கிற சண்டை. எல்லா அளவும் சரியா இருந்து சொருகுற இடம் மட்டும் லொடலொடன்னு இருந்தா அது கெர்ஃப், லேசர் தின்ன பொருள். அதைக் கண்டுபிடிக்க ஒட்டினாப்புல பத்து துண்டு அறுத்து, பத்தையும் சேத்து நெருக்கி வச்சு அளந்து, வரைஞ்ச மொத்த அளவை விட எவ்வளவு குறையுதோ அதைப் பத்தால வகுங்க. மழைக்காலத்துல பிளைவுட்டோட தடிமனே கொஞ்சம் உப்பும், அதனால ஸ்லாட் வரையுறதுக்கு முன்னாடி அன்னைக்கே, அந்தப் பலகையையே அளங்க.

3டி பிரிண்ட்ல ஓட்டை எப்பவுமே கொஞ்சம் சின்னதாத்தான் வரும், 0.2 மில்லி கூட்டி வரையுங்க.

சிஎன்சி அலாரம் அடிச்சு நிக்குது, பிட் உடையுது

மெஷினை ஓட்டுறது ஜிஆர்பிஎல் கண்ட்ரோலர்னா, அலாரம் 1 வந்தா ஓரத்துல இருக்கிற லிமிட் சுவிட்ச் தட்டியிருக்கு, எரர் 9 வந்தா பூட்டிக்கிட்டு நிக்கிது. டாலர் ஹெச் ($H) அடிச்சு மெஷினைத் தொடக்க இடத்துக்கு ஹோம் பண்ணுங்க. எந்தச் சுவிட்சுமே தட்டாம அலாரம் வந்தா பிட்டைச் சுத்துற ஸ்பிண்டில் மோட்டார் வயரும் சுவிட்ச் வயரும் ஒண்ணாக் கட்டியிருக்கும், பிரிச்சுப் போடுங்க.

பிட் உடையுறதுக்கு முன்னாடி அது சொல்லும். தூளைக் கையில எடுத்துப் பாருங்க, மரம்னா செதில் செதிலா வரணும், மாவு மாதிரி வந்து கருகின வாடை அடிச்சா பிட் வெட்டல, தேய்க்குது, ஃபீடை (பிட் நகருற வேகம்) ஏத்துங்க இல்லன்னா சுத்துற வேகத்தை இறக்குங்க. ஒரு தடவைக்கு பிட் விட்டத்துல பாதி ஆழம் போனா போதும். சர்க்யூட் போர்டு கடையுறப்ப ஒரு பக்கம் ஆழமாவும் ஒரு பக்கம் செம்பே போகாமலும் இருந்தா, எஃப்ஆர்1 போர்டு பேப்பரால ஆனது, ஈரத்துல வளையும், அதையும் ஃபிலமென்ட் டப்பாலயே வைங்க. எஃப்ஆர்4 வேண்டாம், அதோட கண்ணாடித் தூசு மூச்சுல போகக்கூடாது.

ஆர்டுயினோ போர்டு கம்ப்யூட்டர்ல தெரியல

கேபிளை மாத்துங்க. பாதிக் கேபிள் சார்ஜ் ஏத்த மட்டும்தான், டேட்டா வயரே இருக்காது. அப்புறமும் தெரியலன்னா, போர்டுல இருக்கிற யுஎஸ்பி சிப்புக்கான சிஹெச்340 டிரைவரைக் கம்ப்யூட்டர்ல போடுங்க.

கரண்ட் போயிட்டு வந்ததுலேந்து எல்லாம் கோளாறா இருக்கு

யூபிஎஸ்ல பிரிண்டரையும் கம்ப்யூட்டரையும் போடுங்க, லேசரைப் போடாதீங்க. மெஷின் உடம்புல கை வச்சா சுர்ர்னு இருந்தா அன்னைக்கு வேலையை நிறுத்துங்க, எர்த் இல்ல. கோடைல எர்த் குழி காஞ்சு போயிருக்கும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளந்து பாக்கச் சொல்லுங்க, உப்பும் கரியும் போட்டுத் தண்ணி ஊத்துறது நம்ம பக்கம் வழக்கமான வேலைதான்.

லேப்பே பூட்டிக் கெடக்கு

இதையும் ஒரு கோளாறாத்தான் எழுதுறேன். ரிப்பேர் ஆயிரும்னு பயந்து, இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு மட்டும் தொறக்குற லேப்பை நான் நேர்ல பாத்திருக்கேன், உள்ள பிரிச்ச ஃபிலமென்ட் எல்லாம் சுள்ளியாயிருந்துச்சு. பூட்டி வச்ச மெஷின்தான் ஈரத்துல சீக்கிரம் போகும், ஓடுற மெஷின் சூட்டுல தன்னைத்தானே காய வச்சுக்கும். அமெரிக்காவுல இருக்கிற எம்ஐடில நீல் கெர்ஷென்ஃபெல்ட்னு ஒரு பேராசிரியர் 1998ல ஆரம்பிச்ச ஒரு வகுப்புலேந்து வளந்ததுதான் இந்த ஃபேப் லேப், இந்தியாவுல 2002ல அது மொதல்ல வந்த இடம் பெரிய நகரம் இல்ல, மகாராஷ்டிரால பாபல்னு ஒரு கிராமத்துல இருக்கிற விஞ்ஞான் ஆசிரமம். வயக்காட்டுப் பசங்க கையில கொடுக்கத்தான் வந்துச்சு. ஒவ்வொரு மெஷினுக்கும் ரெண்டு மாணவரைப் பொறுப்பு போடுங்க, செகண்ட் இயர்ல ஒருத்தர், தேர்ட் இயர்ல ஒருத்தர், சாவியையும் நோட்டையும் அவங்க கிட்ட கொடுங்க, லேசர் பின் மூடியைத் தவிர மத்ததை அவங்களே கழட்டி மாட்டட்டும்.

3டி பிரிண்ட் பண்ண பேட்டர்னை வார்ப்புக்குக் கொடுத்தோம், அச்சு வெடிச்சிருச்சு

சிலை வார்க்கிற சுவாமிமலையும் விளக்கு வார்க்கிற நாச்சியார்கோயிலும் பக்கத்துல இருக்கிறதால எங்க பசங்களுக்கு இந்த ஆசை வரும், ரொம்ப நல்ல ஆசை. சிலை வார்க்கிறவங்க மெழுகுல உருவம் செஞ்சு, மேல மண் பூசி, மெழுகை உருக்கி வெளிய எடுத்துட்டு அந்த இடத்துல வெண்கலம் ஊத்துவாங்க. ஆனா மெழுகு சூடு பட்டா உருகி வழிஞ்சு வெளிய வந்துரும், பிஎல்ஏ அப்படி வழியாது, உப்பிக்கிட்டு மண் அச்சை விரிசல் விட வைக்கும், மிச்சம் சாம்பலா உள்ள தங்கும். ஒரு ஸ்தபதி ஐயா எங்க பேட்டர்னைக் கையில வாங்கி நகத்தால வருடிப் பாத்துட்டு, "தம்பி, இந்தக் கோடெல்லாம் அப்படியே வெண்கலத்துல வரும், அப்புறம் ராவி மாளாது"ன்னு சொன்னாரு.

அதனால பிரிண்டை 220, 400 நம்பர் எமரி பேப்பர் போட்டு கோடு தெரியாத வரைக்கும் தேய்ங்க, அதுலேந்து சிலிகான் ரப்பர்ல அச்சு எடுங்க, அந்த அச்சுல மெழுகு ஊத்தி அந்த மெழுகைக் கொண்டு போய்க் கொடுங்க. மத்தியான பஸ்ல ஜன்னல் ஓரம் வச்சு எடுத்துட்டுப் போகாதீங்க, வளைஞ்சிரும், விடியக்காலை மொத பஸ்ல போங்க.